தோளில் ஒரு தழும்பு

காலை எட்டரை மணி. கிண்டியில் நிற்கும் தாம்பரம் வண்டியில் உட்கார இடம் கிடைக்காது; மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பார்க்க வேறொன்றும் இல்லாததால் நான் கைகளைப் பார்ப்பேன். அரைக்கைச் சட்டை, ரவிக்கை, சுடிதார். கை உயரும்போது துணி நழுவி இடது தோளுக்குக் கீழே ஒரு சிறு பள்ளம் தெரியும். பட்டாணி அளவு, சுருங்கிய தோல், சுற்றிலும் கொஞ்சம் வெளுப்பு. கணினி அலுவலகத்துக்குப் போகிற பெண், கொத்தனார், கல்லூரிப் பையன் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒரே முத்திரை. அறுபதைத் தாண்டியவர்கள் சிலருக்குப் பக்கத்திலேயே அகலமாக இன்னொன்று இருக்கும். அது அம்மை குத்தின தழும்பு. பட்டாணித் தழும்பு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியால் வந்தது.

இந்த ரயில் பாதைக்கும் அந்தத் தழும்புக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஊசிக்குள் இருந்த மருந்து தயாரான இடம் கிண்டி. அந்த மருந்து தடுக்க வேண்டிய நோய் வந்தவர்கள் போய்ப் படுத்த இடம் தாம்பரம் சானடோரியம். நடுவில் ஆறே நிறுத்தங்கள்: பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை. பி.சி.ஜி. பட்ட பாடு, அதை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி, அதற்குக் கடைசியில் கிடைத்த பதில் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த ஆறு நிறுத்தங்களைச் சுற்றித்தான் நடந்தது.

*

பி.சி.ஜி. பிறந்தது வெகு தொலைவில், பிரான்சின் லீல் நகரத்தில். ஆல்பர்ட் கால்மெத் ஒரு மருத்துவர். கமீய் கெரான் ஒரு கால்நடை மருத்துவர். மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கிருமிகள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டதால், அவற்றைப் பிரிக்க உருளைக்கிழங்கும் கிளிசரினும் சேர்ந்த உணவில் மாட்டுப் பித்தநீரைக் கலந்தார்கள். கட்டிகள் பிரிந்தன. கூடவே, இப்படி வளர்ந்த கிருமியின் வீரியம் மெல்ல மெல்லக் குறைவதும் தெரிந்தது.

அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1908 முதல் 1921 வரை, சில வாரங்களுக்கு ஒரு முறை பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றி, மொத்தம் 230 தடவை. இடையில் முதல் உலகப் போர் வந்தது. லீல் நகரம் ஜெர்மானியர் கையில் விழுந்தது. உருளைக்கிழங்கும் பித்தநீரும் கிடைப்பதே பாடாக இருந்தது. ஆனாலும் தட்டு மாற்றுவதை நிறுத்தவில்லை. பதின்மூன்று வருடக் கடைசியில், நோய் தரத் திராணி இழந்த, உயிர் மட்டும் போகாத ஒரு கிருமி மிஞ்சியது. பாசில் கால்மெத் கெரான் என்று பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் பி.சி.ஜி. 1921ல் பாரிஸில் ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலாக வாய்வழியே கொடுத்தார்கள். குழந்தையின் தாய் காசநோயில் இறந்திருந்தார்.

ஒரு புதிய கருத்தை ஏற்கச் சொல்கிறபோது நாம் எதிராளியிடம் என்ன கேட்கிறோம் என்பதை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கு, காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமியை உயிரோடு கொடுக்கச் சொல்கிறோம். கொடுத்தால் உடனே கண்ணுக்குத் தெரியும் நன்மை ஒன்றும் இல்லை. பத்து வருடம் கழித்து நோய் வராமல் போனால், அது ஊசியால் வராமல் போனதா, தானாகவே வராமல் இருந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சல் மாத்திரை மறுநாளே தன்னை நிரூபித்துவிடும். தடுப்பு மருந்தின் வெற்றியோ எதுவும் நடக்காமல் இருப்பது. நடக்காத ஒன்றை நம்பச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அந்தத் தயக்கத்துக்கு 1930ல் ஒரு பெரிய காரணம் கிடைத்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் சுமார் 250 பச்சிளங்குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. கொடுத்தார்கள். அவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் காசநோயில் இறந்தார்கள். மருந்து தயாரித்த ஆய்வகத்திலேயே வீரியமுள்ள காசநோய்க் கிருமியும் வளர்க்கப்பட்டிருக்கிறது. அது கலந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. பொறுப்பான மருத்துவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்; பி.சி.ஜி. மீது குற்றம் இல்லை என்று தீர்ப்பானது. ஆனால் தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர், சவப்பெட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? கால்மெத் 1933ல் இறந்தார், அந்த நிழல் முழுதும் விலகுவதற்கு முன்பே. மருந்தோடு வேறு கிருமி சேரவே கூடாது, பி.சி.ஜி.க்குத் தனிக் கட்டடம், தனி ஆட்கள், தனிக் கருவிகள் என்ற கறாரான வழக்கத்துக்கு லூபெக்தான் பாடம். அந்த ஆய்வகங்களின் சுவரிலும் ஒரு தழும்பு இருக்கிறது என்று சொல்லலாம்.

*

அந்த வருடங்களில் நம் பக்கத்தில் காசநோய்க்கு வேறு ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1914ல் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போன நெவாசா கப்பலில் அவரும் பயணி. 1917ல் ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் தங்கியது அவருடைய சானடோரியத்தில்தான். அந்த மருத்துவர் சென்னைக்குத் திரும்பி, 1928ல் தாம்பரத்தில் குன்றும் பொட்டலும் மரங்களுமாக இருந்த பரந்த நிலத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து, 1931ல் மின்சார ரயில் தாம்பரத்துக்கு வந்தது. 1937ல் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று சானடோரியத்துக்கு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று நீளமான பெயர் உண்டு. கண்டக்டரிடம் அதைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். "சானடோரியம்" என்றால் போதும்.

மருந்து இல்லாத காலத்தில் சானடோரியம் தந்தது காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில். அதுவும் ஒரு காலத்தில் புதுமைதான். ஜன்னலை அடைத்து, கம்பளி போர்த்தி நோயாளியைக் காத்த காலத்தில், குளிரிலும் வராந்தாவில் படுக்கப் போடு என்று ஐரோப்பாவில் சொன்னவர்களைப் பைத்தியக்காரர்கள் என்றார்கள். தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பைத்தியக்காரத்தனம் மருத்துவத்தின் பொது அறிவாகிவிட்டிருந்தது. பிறகு வந்த புதுமையை எதிர்க்கவும் அது தயாராக இருந்தது. அந்தக் கதை கொஞ்சம் கழித்து.

*

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவெங்கும் காசநோய். டென்மார்க்கின் செஞ்சிலுவைச் சங்கம் பி.சி.ஜி.யைக் கையில் எடுத்தது, ஐ.நா. குழந்தைகள் நிதியமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்துகொண்டன. இந்தியாவில் முதல் ஊசி 1948 ஆகஸ்டில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் போடப்பட்டது. அதே வருடம் கிண்டியில், கிங் இன்ஸ்டிட்யூட் பக்கத்தில் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கியது. கிங் இன்ஸ்டிட்யூட் ஏற்கெனவே அம்மைப்பால் தயாரித்து ஊர் ஊராக அனுப்பிவந்த இடம்; தடுப்பு மருந்து கிண்டிக்குப் புதிதல்ல.

லீலில் பிறந்த கிருமியின் டென்மார்க் வழி வாரிசு இங்கே வளர்ந்தது. அன்றைக்கு அது திரவ மருந்து. சில வாரங்களுக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். வெயில் பட்டால் கெடும். ஐஸ் பெட்டிக்குள்தான் ஊருக்குப் போகும். ஊசி போடுவதும் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. முதல் நாள் முன்கையில் டியூபர்குலின் என்ற சோதனை ஊசி. மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்து, போட்ட இடம் தடித்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். தடித்திருந்தால் அந்த உடம்பு ஏற்கெனவே கிருமியைச் சந்தித்துவிட்டது, ஊசி வேண்டாம். தடிக்காதவர்களுக்கு மட்டும் பி.சி.ஜி. போட்ட இடத்தில் கொப்புளம் எழுந்து, சில வாரத்தில் சீழ் கோத்து, உடைந்து, ஆறி, தழும்பாகும்.

ஒரு தாயின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். பிள்ளை பள்ளிக்குப் போனான். அங்கே யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து ஊசி போட்டார்கள். ஒரு மாதம் கழித்துக் கையில் புண். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோய் இல்லாத பிள்ளைக்கு ஊசி போட்டுப் புண்ணாக்கிவிட்டார்கள் என்று அவள் சொன்னால், அவள் கண்டதைத்தான் சொல்கிறாள். ஊசி போட்டவர்கள் வண்டியேறி அடுத்த ஊருக்குப் போயாகிவிட்டது.

இயக்கத்துக்கு வேகம் இருந்தது. 1951லிருந்து நாடு முழுவதும் விரிந்தது. எத்தனை லட்சம் பேருக்குச் சோதனை, எத்தனை லட்சம் பேருக்கு ஊசி என்று எண்ணிக்கை ஏறியது. எண்ணிக்கை ஏறுவதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வது புதுமை கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழை. வரிசையில் வந்து நின்றவர் சம்மதித்துத்தான் நின்றார் என்று சொல்ல முடியாது.

*

எதிர்ப்பு சென்னையிலிருந்துதான் பலமாக வந்தது. முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஏ.வி. ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர். குடிநீர், சாக்கடை, வீடு இவற்றோடு வேலை செய்தவருக்குக் காசநோய் என்பது நெரிசலின் நோய், பசியின் நோய். அதற்கு ஊசி என்ன செய்யும் என்று கேட்டார். 1955ல் ராஜாஜி களத்தில் இறங்கினார். ஒரு வருடம் முன்புவரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். அதற்கும் முன்பு நாட்டின் கவர்னர் ஜெனரல். பி.சி.ஜி.யைத் தான் ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே வெளியிட்டார்.

அவருடைய வாதங்களைச் சுருக்கினால் மூன்று. உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் செலுத்துவது ஆபத்து. அதன் பலன் பற்றி மேல்நாட்டு நிபுணர்களே ஒன்றுபட்டுச் சொல்லவில்லை. பெற்றோரின் முழுச் சம்மதம் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவது தவறு. சென்னை மாநிலத்தில் இயக்கம் தளர்ந்தது, வரிசைகள் சுருங்கின.

எதிரே இருந்தவர்களுக்கு இது பெரிய சங்கடம். கிராமத்துக் கிழவி எதிர்த்தால் அறியாமை என்று சொல்லிவிடலாம். ராஜாஜியை என்ன சொல்வது? நவீன மருத்துவத்தின் மேல் வெறுப்பு, பழமைப் பிடிப்பு, அரசியல் கோபம் என்று பலவாறு சொன்னார்கள். சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் ஊசியின் பக்கம் உறுதியாக நின்றார். அறிக்கைக்கு அறிக்கை, நிபுணருக்கு நிபுணர் என்று விவாதம் போனது.

அன்றைய நிலவரத்தை நிதானமாகப் பார்த்தால், அவருடைய இரண்டாவது வாதம் கவனிக்க வேண்டிய வாதம். அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் 1930களில் தொடங்கிய ஒரு சோதனை நல்ல பலன் காட்டியிருந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நடந்த சோதனைகளோ அப்படிக் காட்டவில்லை; அந்த நாடு பி.சி.ஜி.யை எல்லோருக்கும் போடும் திட்டமே வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் பல்லாயிரம் பள்ளி மாணவர்களை வைத்து 1950ல் தொடங்கிய பெரிய சோதனையின் முதல் அறிக்கை 1956ல்தான் வெளிவந்தது. அது ஊசிக்குச் சாதகமான அறிக்கை. ஆனால் ராஜாஜி கேட்டது அதற்கு முந்தைய வருடம். நம் ஊரில், நம் மண்ணில், நம் பிள்ளைகளிடம் இது வேலை செய்யும் என்பதற்கு 1955ல் யாரிடமும் முடிவான சான்று இல்லை. முதல் வாதத்தில் அவர் பிழைபட்டார், பி.சி.ஜி. அவர் பயந்த மாதிரி ஆபத்தானதாக இருக்கவில்லை. மூன்றாவதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல இன்னும் இருபத்தைந்து வருடம் ஆக வேண்டியிருந்தது.

எதிர்ப்பவர் சொல்வது எல்லாமே தவறாக இருக்க வேண்டும் என்று நினைப்பது புதுமைக்காரருக்குப் பெரிய வசதி. பத்தில் ஒன்பது தவறாக இருந்தாலும், மிச்சமுள்ள ஒன்று சில சமயம் அவருடைய கண்டுபிடிப்பின் உண்மையான ஓட்டையைக் காட்டிவிடும்.

*

இதற்கிடையில் அதே சென்னை வேறொரு கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொண்டது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். அப்போது ஐசோநியாசிட், பாஸ் என்ற மாத்திரை மருந்துகள் வந்துவிட்டன. கேள்வி இதுதான்: மருந்து இருக்கும்போது சானடோரியக் கட்டில் எதற்கு? வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியாதா?

முடியாது என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் நினைத்தார்கள். ஒற்றை அறை, ஐந்தாறு பேர், அரைவயிற்றுச் சாப்பாடு. அங்கே நோயாளியை விட்டுவைத்தால் அவரும் குணமாக மாட்டார், வீட்டாரும் நோய்ப்படுவார்கள். சானடோரியத்தில் வாழ்நாளைக் கழித்த மருத்துவர்களுக்கு இது அனுபவம் சொன்ன பாடம்.

ஃபாக்ஸ் குழு அவர்களோடு வாதாடவில்லை. 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்துக்கு. பாதிப் பேர் தங்கள் குடிசைக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். எதிர்ப்பவர்களின் பயங்கள் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மாத்திரையை விழுங்குகிறாரா? சொல்லாமல் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள், மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சாப்பாடு? அதையும் கணக்கெடுத்தார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றுகிறதா? குடும்பத்தினரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 1959ல் வெளியான அறிக்கை எல்லோரையும் திகைக்க வைத்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினார்கள், உண்மை. ஆனால் குணமானதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதைப் பின்னர் முடிந்த ஐந்து வருடக் கணக்கும் காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு சேத்துப்பட்டின் இந்தச் சோதனையும் ஒரு காரணம்.

தாம்பரத்துக் கட்டில் மட்டும் காலியாகவில்லை. முற்றிய நோயாளிகள், மருந்துக்கு அடங்காத நோயாளிகள், பிறகு 1990களில் வேறு பல இடங்களில் சேர்க்கத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகள் என்று அதற்குப் புதுப்புது வேலைகள் வந்துகொண்டே இருந்தன. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து தர நாட்டில் முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று.

*

சேத்துப்பட்டின் வழியில் பி.சி.ஜி.யையும் சோதிக்க 1968ல் ஏற்பாடானது. இடம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்கள். தாம்பரமும் அந்த மாவட்டத்தின் ஊர்தான். இவ்வளவு பெரிய தடுப்பூசிச் சோதனை அதற்கு முன் அரிது: இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். பிரெஞ்சு ரகம், டென்மார்க் ரகம் என்று பி.சி.ஜி.யில் இரண்டு, ஒவ்வொன்றிலும் கூடுதல் அளவு, குறைந்த அளவு. ஒரு பகுதியினருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போடப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போனது. சந்தேகப்பட்டவர்களின் சளி ஆய்வகத்துக்கு வந்தது. இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் அதே ஊர்கள், அதே வீடுகள்.

ஏழரை வருடக் கணக்கு 1979–80ல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும், இருமினால் பரவும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. எந்த ரகமும், எந்த அளவும். ஊசி போட்டவர்களும் உப்புநீர் போட்டவர்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நோயுற்றார்கள். பதினைந்து வருடக் கணக்கும் 1999ல் அதையே உறுதி செய்தது. சிறுவர்களிடம் மட்டும் சொற்பப் பாதுகாப்பு தெரிந்தது.

இதை நடத்தியவர்கள் பி.சி.ஜி.யின் எதிரிகள் இல்லை. நாடே போட்டுக்கொண்டிருந்த ஊசி, கிண்டியில் அரசே தயாரிக்கும் மருந்து, முப்பது வருட உழைப்பு. முடிவை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். வெளியிட்டார்கள். உலகெங்கும் அதிர்ச்சி, செங்கல்பட்டு என்ற ஊர்ப்பெயர் மருத்துவ நூல்களில் ஏறியது. பிரிட்டனில் வேலை செய்தது இங்கே ஏன் செய்யவில்லை என்று யோசித்தார்கள். வெப்ப நாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமிகள் ஏராளம். நம் உடம்பு சிறு வயதிலேயே அவற்றோடு பழகிவிடுகிறது. அதற்கு மேல் ஊசி சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது பலர் ஏற்கும் ஒரு விளக்கம். ராஜாஜி 1972ல் காலமாகிவிட்டார். "நம் ஊருக்கு இது சரிப்படுமா" என்று கேட்டவர் அந்தப் பதிலைப் படிக்கவில்லை.

அப்படியானால் ஊசியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? இல்லை. பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சலாகத் தாக்கும் காசநோய், உடம்பு முழுக்கச் சிதறிப் பரவும் காசநோய் ஆகியவற்றிலிருந்து பி.சி.ஜி. நன்றாகவே காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. தொழுநோய்க்கும் ஓரளவு தடுப்பு. 1978ல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது பிறந்த குழந்தைக்கான ஊசியானது. டியூபர்குலின் சோதனை இல்லை, வளர்ந்தவர்களுக்கு வரிசை இல்லை. நாட்டின் காசநோயையே ஒழிக்கப் புறப்பட்ட மருந்து, தன்னால் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கைவிட்டது. அது இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பெரிய வாக்கைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு அழிந்த கண்டுபிடிப்புகள் எத்தனையோ.

கிண்டிக்கும் சோதனை வந்தது. 2008ல் உற்பத்தி முறைகள் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று குன்னூர், கசௌலி நிறுவனங்களோடு கிண்டி ஆய்வகத்தின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. மறுபடி போட்டால் என்ன என்ற கேள்வியும் திரும்ப வந்திருக்கிறது. 2024ல் பல மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் போட்டுப் பார்த்தார்கள். இந்த முறை எதிர்ப்பவர்களிடம் செங்கல்பட்டின் கணக்கு இருக்கிறது. போடுகிறவர்களிடமும் அதே கணக்குதான் இருக்கிறது. 1955ல் இரு தரப்பிடமும் இல்லாதது இது.

*

போன மாதம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், உறவுக்காரக் குழந்தைக்காகக் காத்திருந்தேன். மருந்து இப்போது திரவமில்லை. உறைய வைத்து உலர்த்திய பொடி, வெளிச்சம் படாமல் இருக்கப் பழுப்புக் கண்ணாடியில். உப்புநீர் விட்டுக் கலந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால், நாலைந்து குழந்தைகள் சேரட்டும் என்று நர்ஸ் காத்திருந்தார். சேர்ந்ததும் கலந்தார். இடது தோளில் மிகச் சிறிய ஊசி. தோலுக்குள் ஒரு வெள்ளைக் கொப்புளம். குழந்தை வீறிட்டது.

"இங்க பாரும்மா," என்றார் தாயிடம். "ரெண்டு மூணு வாரம் கழிச்சு இந்த எடம் வீங்கும். சீழ் வெக்கும், ஒடையும். பயந்துக்காத. மஞ்சளு, எண்ணெ, களிம்பு எதையும் தடவாத. தானா ஆறிடும். தழும்பு நிக்கும்."

பாட்டி குனிந்து கேட்டார்: "அப்போ இனிமே இவனுக்கு டி.பி. வராதுல்ல?"

நர்ஸ் ஊசியை வெட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "கொழந்தைல மூளைக்குப் போறது, ஒடம்பு பூரா பரவுறது, அதெல்லாம் வராம காக்கும் பாட்டி. பெரியவனானப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனான்னா, ஊசி போட்டாச்சேன்னு இருந்துடாதீங்க. சளி டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

பாட்டி தலையாட்டினார். அட்டையில் தேதி எழுதி முத்திரை குத்தினார்கள். அடுத்த குழந்தையை எடுத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். நர்ஸ் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார், வீக்கத்திலிருந்து.